பள்ளிக்கூடம் கொடுத்த சட்டைத்துண்டு

கை நீட்டி வாங்கியாச்சு. இனி இதை என்ன வேலை செய்து கழிக்கிறது?

சீதேவிப்பிள்ளை இதைத்தான் திரும்பத் திரும்ப மனதுக்குள் உருட்டிக்கொண்டு வாவிக்கரையால் நடந்து வந்தாள். கக்கத்தில் இரண்டு சட்டைத்துண்டுகள் இருந்தன. நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது மூத்தவள் சின்னத்தங்கத்துக்கு. மஞ்சளில் சிறுபூப் போட்டது இளையவள் பூமணிக்கு. மொடமொடப்பு மாறாத புதுச் சீத்தைத் துணி. உலக யுத்தம் தொடங்கிய பிறகு அந்த மணத்தையே அவள் மறந்துபோயிருந்தாள். பள்ளிக்கூட விறாந்தையில் மேர்சி ரீச்சர் தாய்மாரை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, தட்டத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். சீதேவிப்பிள்ளையும் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கும்போது சந்தோசமாகத்தான் இருந்தது. வேலிப் படலையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கத்தில் துணி தனியாக வருவதில்லை. சித்திரை பிறந்த மறுநாள், ஊரின் பெரிய நிலக்காரரான போடியார் வீட்டில் தட்டத்தில் வெற்றிலையும் சீலையும் வைத்துக் கொடுப்பார்கள். வாங்கினவள் அந்த வருசம் முழுக்க அந்த வீட்டு ஆள். நெல் அவிக்க, குத்த, கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அடுப்படியில் நிற்க அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவளே போகவேண்டும். குத்துகிற நெல்லுக்குக் கூலி தனியாக அளப்பார்கள். சீலை கூலியல்ல, அது வேறு. இன்னார் வீட்டுச் சீலை கட்டுகிறவள் என்றால் ஊரில் அதற்குமேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். சீதேவிப்பிள்ளை சின்னத்தங்கத்தின் வயதிலேயே போடியார் வீட்டுச் சீலையை வாங்கினவள். முதல் வருசம் தந்தது சிவப்புக் கரை போட்ட சிறுபெண்ணின் சிற்றாடை. அந்தக் கரையின் சிவப்பு இன்னும் அவள் கண்ணுக்குள் இருக்கிறது.

இப்போது பள்ளிக்கூடத்துச் சீலையும் வாங்கியாயிற்று. ஒருத்தி எப்படி இரண்டு வீட்டு ஆளாக இருப்பது?

வீட்டு வாசலில் கண்ணாத்தை காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வளவுக்காரி, கூட நெல் குத்துகிறவள், வாய் ஓயாதவள். அவளுடைய கையிலும் ஒரு துண்டு இருந்தது.

“உனக்கு ரெண்டு கிடைச்சிருக்கு போல. ரெண்டு பங்கு வேலை கா உனக்கு.”

“அதைத்தான் நானும் நினைச்சிக்கு வாறன் கா.”

“பள்ளிக்கூடத்தில என்ன வேலை இரிக்கு? நெல் இல்லை, மாடு இல்லை. ரீச்சருக்குப் புருசனும் இல்லை, சமைச்சுப் போட.”

“கூட்டலாமே. சுண்ணாம்பு அடிக்கலாம். மணல் கொட்டலாம்.”

“அப்ப நாளைக்கு விடியப் போயித்து கூட்டிக் குடுத்திட்டு வருவம். கடன் எண்டு கிடக்கக் கூடாது.” கண்ணாத்தை துணியை முகத்தில் வைத்து மணந்தாள். “நல்ல சீத்தை புள்ள. காத்தான்குடி மீராசாஹிப்பின்ட கடையில எடுத்ததாம். ரீச்சர் அந்த மனிசனைப் போட்டுப் பாடாய்ப் படுத்தினதாம். ஒரே துணியில பீசாத் தாறன், மலிவு எண்டானாம். வேணா, பிள்ளைக்குப் பிள்ளை வேற துணி வேணும் எண்டு நிண்டதாம். அவன் ‘என்ன ரீச்சரம்மா, இது கலியாணமா, ஆளுக்கொரு நிறம் எடுக்க’ எண்டு கேட்டிருக்கான்.”

“ஏனாம் அப்பிடி?”

“ஒரே துணியெண்டா, இதுகள் இல்லாத வீட்டுப் பிள்ளையள் எண்டு பாத்த உடனே தெரியுமாம். அதுக்குத்தான்.”

சீதேவிப்பிள்ளை கக்கத்துத் துண்டுகளை எடுத்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அப்படி ஒருத்தி யோசித்தாளா என்பது அவளுக்குள் எங்கேயோ போய்த் தட்டியது. அவளுடைய வீட்டில் இதுவரை இருந்தது ஒரே சட்டை. இரண்டு பிள்ளைகளும் அதை மாறி மாறி உடுத்துப் பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு நாள் மூத்தவள், மறுநாள் இளையவள். இளையவளின் நாளில் கீழ்க்கரையை மடித்து நாகதாளி முள்ளால் குத்திவிடுவாள். மூத்தவளின் நாளில் முள்ளைக் கழற்றுவாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு நாள் அந்தச் சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் மை கொட்டியது. கழுவியும் போகவில்லை. சின்னத்தங்கத்தின் நெஞ்சில் இருந்த மை மறுநாள் பூமணியின் வயிற்றில் இருந்ததை மேர்சி ரீச்சர் பார்த்திருக்கிறாள். பார்த்தும் ஒரு சொல் கேட்கவில்லை. இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கென்று அரசாங்கக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மேலதிகமாகக் காசு வந்தபோது, பள்ளிக்கூடத் தலைவரான பெரிய மாஸ்டர் உலகப் படமும் பிள்ளைகள் இருக்கப் புது வாங்குப்பலகையும் வாங்கலாம் என்றாராம். ரீச்சர்தான், பிள்ளை வந்தால்தானே வாங்கில் இருக்கும் என்று சொல்லிச் சட்டைத்துணியை முதலில் வாங்க வைத்தாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது ஐந்தாறு பெண்கள் பள்ளிக்கூட வளவுக்குள் விளக்குமாறுகளோடு நின்றார்கள். கண்ணாத்தை உலக்கையையும் கொண்டு வந்திருந்தாள், தேவைப்பட்டால் என்று. கடலிலிருந்து வந்த குளிர்காற்று தென்னோலையில் சலசலத்தது. மணல் ஈரமாக இருந்ததால் கூட்டின கோடுகள் அப்படியே பதிந்து கிடந்தன. வேலி ஓரத்துச் சருகையும் குவித்துவிட்டு நிமிர்ந்தபோது மேர்சி ரீச்சர் குடையை மடித்தபடி படலையில் நின்றாள்.

மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்தவள் ரீச்சர். மெதடிஸ்த மிசன் ஆள். வெள்ளைச் சேலைதான் எப்போதும். நெடுப்பமான உடம்பு, நரை ஓடிய கொண்டை. சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

“இதென்ன, ஆர் உங்களைக் கூப்பிட்டது?”

“ஒருத்தரும் கூப்பிடயில்லை” என்றாள் சீதேவிப்பிள்ளை. “நாங்களாத்தான் வந்த.”

“ஏன்?”

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இதைக்கூடவா விளக்கவேண்டும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“தட்டத்தில வச்சுச் சீலை தந்தயளே, ரீச்சர்” என்றாள் கண்ணாத்தை. “வாங்கிப்போட்டு வீட்டுக்குள்ள இருக்க ஏலுமா? இனி எங்களுக்கு என்ன வேலை எண்டு சொல்லிப்போடுங்க. கிழமையில எந்த நாள் வாற எண்டும் சொல்லுங்க. போடியார் வீட்டு வேலை நாளை விட்டு மற்ற நாளெண்டா நல்லம்.”

ரீச்சரின் முகத்தில் முதலில் விளங்காமை இருந்தது. பிறகு விசயம் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. கூட்டின மணலையும், சாய்த்து வைத்த உலக்கையையும், பெண்களின் கைகளையும் பார்த்தாள். விறாந்தைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“தட்டம்” என்றாள் மெதுவாக. “மரியாதையாக் குடுக்கவேணும் எண்டுதான் நான் தட்டத்தில வச்ச.”

அவள் தங்களைத் தப்பாக நினைத்துவிட்டாளோ, கூட்டினது சரியில்லையோ என்று சீதேவிப்பிள்ளைக்குப் பயமாக இருந்தது. வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டால் அதைவிட வெட்கம் ஒன்றும் இருக்காது. செய்த வேலையைத் தள்ளுவது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

ரீச்சர் அப்படிச் சொல்லவில்லை. “நல்லாக் கூட்டியிருக்கிறீங்க” என்றாள். “இண்டைக்கு இது போதும். நான் யோசிச்சுப்போட்டு வீட்டுக்கே வந்து சொல்றன்.”

அவள் சொன்னபடியே வந்தாள். ஒரு பின்னேரம், பெண்கள் சீதேவிப்பிள்ளையின் வளவில் நெல் அவித்துக் காயவிட்டிருந்த நேரம். பாயில் பரப்பின நெல்லைக் காலால் வரி வரியாகத் துழாவிவிட்டுக் கொண்டிருந்தார்கள். அவித்த நெல்லின் வாடை வளவெல்லாம் நிறைந்து நின்றது. ரீச்சர் வந்தாள், சுற்றிப் பார்த்தாள், இருக்க ஒன்றும் இல்லாததைக் கண்டு கவிழ்த்து வைத்திருந்த உரலில் உட்கார்ந்தாள்.

நெல்லைத் துழாவின பெண்களின் கால்கள் அப்படியே நின்றன. உரலில் யாரும் உட்காருவதில்லை. செல்வம் தருகிற சீதேவித் தெய்வம் குடியிருக்கிற இடம் அது. ஆனால் சொல்லவும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“நான் ஒரு பிழை விட்டுப்போட்டன்” என்று ரீச்சர் தொடங்கினாள். கண்ணாத்தை உரலைத்தான் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து வேகமாகத் தலையாட்டினாள். “உங்கட வழக்கம் எனக்குத் தெரியாது. அந்தத் துணியை நான் தரயில்லை. பள்ளிக்கூடமும் தரயில்லை. பிள்ளையளுக்கெண்டு வந்த காசு, பிள்ளையளிட்டப் போயிருக்கு. அதுக்குப் பின்னால ஒரு வீடும் இல்லை. ஒருத்தருக்கும் நீங்க வேலை செய்யத் தேவையில்லை.”

“வீடில்லாமச் சீலை வருமா, ரீச்சர்?” என்றாள் கண்ணாத்தை. “ஆரோ ஒருத்தர்ட கையால தானே வரவேணும்?”

“என்ட கையால வந்திச்சு. வாய்க்காலால தண்ணி வாற மாதிரி. தண்ணி வாய்க்காலின்டயா?”

கண்ணாத்தை யோசித்தாள். “வட்டவிதானையார் அப்பிடித்தான் நினைக்கார்” என்றாள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அதிகாரியின் இறுமாப்பு எல்லாருக்கும் தெரியும். பெண்கள் சிரித்தார்கள். ரீச்சருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் அவளுடைய முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் அதை அவர்கள் கண்டார்கள்.

“இன்னொண்டு கேக்கப் போறன்” என்றாள் ரீச்சர். “இது வேற. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. காசில மிச்சம் இரிக்கு. பகல்ல பிள்ளையளுக்குக் கஞ்சி குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். வெளியில ஆளைப் பிடிச்சுக் குத்த வச்சு, சமைக்க வச்சு, அவனுக்குக் கூலி குடுக்கிறத விட, நீங்க செய்தா அந்தக் கூலி பிள்ளையள்ட வீட்டுக்குத் தானே போகும். விருப்பமான ஆள் வரலாம். விருப்பமில்லாட்டி இல்லை எண்டு சொல்லலாம்.”

“ஆருக்குக் கஞ்சி? துணி வாங்கின பிள்ளையளுக்கா?” சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

“எல்லாருக்கும்.”

“போடியார்ட பேத்தியும் படிக்கிறாளே.”

“அவளுக்கும்தான். ஒரே பானை, ஒரே சிரட்டை. துணி வாங்கின பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக் குடிக்க வச்சா, வேற வேற நிறத்தில துணி எடுத்து என்னத்துக்கு?”

ரீச்சர் எழுந்து போன பிறகு கண்ணாத்தை உரலைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

“நல்ல மனிசி” என்றாள். “ஆனா இருக்கிற இடம் தெரியாது.”

அன்று இரவு சீதேவிப்பிள்ளை படுத்துக்கொண்டே ரீச்சரின் சொற்களைப் புரட்டிப் பார்த்தாள். இல்லை எண்டு சொல்லலாம். அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ வேலை சொல்லியிருக்கிறார்கள். அன்பாகவும் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைச் சேர்த்து யாரும் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, ஓம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

ரீச்சர் சொன்ன மாதிரியே சட்டைகளைத் தைத்துப் போட்டு இரண்டு பிள்ளைகளும் நாள்தோறும் பள்ளிக்கூடம் போனார்கள். கஞ்சியும் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புன்னை மரத்தடியில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டார்கள். அரிசி கூப்பனுக்கு அளவாகத்தான் கிடைத்தது. அதனால் பாதி அரிசி, பாதி சோளன். சோளனைக் குத்தித் தோல் போக்கி, ஊறவைத்து, அரிசியோடு சேர்த்து வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை உருவிப் போட்டு இறக்குவார்கள். வாவியில் கூனி இறால் பட்ட நாட்களில் ஒரு பிடி வறுத்த கூனியும் சேரும். பானை கொதிக்கும்போது வகுப்பிலிருந்து வரும் ஓசை கொஞ்சம் குழம்பும். பிள்ளைகளின் மூக்கைக் கட்டிவைக்க ரீச்சரால் முடியவில்லை.

போடியார் வீட்டுப் பேத்திக்கு வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் சோறும் விரால்மீன் குழம்பும் வந்தன. ரீச்சர் அதைத் தடுக்கவில்லை. இரண்டு மூன்று நாள் அந்தப் பிள்ளை தனியே இருந்து தின்றது. பிறகு ஒரு நாள் சிரட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றது. கண்ணாத்தை கரண்டியை நிறுத்தினாள்.

“என்ன மனே, விரால்மீன் கசக்குதா?”

“அங்க தனிய இருந்து தின்ன ஏலாது.”

கண்ணாத்தை அவளுக்குக் கூனியை அள்ளிப் போட்டாள்.

சாப்பாடு முடிந்து மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, நாள் தவறி வந்த பிள்ளைகளை ரீச்சர் புன்னை மரத்தடிக்குக் கூட்டி வந்து விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுப்பாள். ஒரு சட்டையை மாறி மாறி உடுத்தவர்களுக்குப் பாடமும் பாதிதான் வந்திருந்தது. பெருக்கல் தெரியும், வகுத்தல் தெரியாது. கதையின் தொடக்கம் தெரியும், முடிவு தெரியாது. சின்னத்தங்கம் எழுந்து நின்று வாசிப்பாள். கொட்டிலுக்குள் மறுநாளைக்குச் சோளன் குத்திக்கொண்டிருக்கும் சீதேவிப்பிள்ளை உலக்கையை ஓசை வராமல் மெல்லப் போடுவாள். முதல் நாட்களில் மகளின் குரல் தடுக்கித் தடுக்கி வந்தது. மாசி முடிந்து பங்குனியும் பாதியாகிவிட்டபோது தடுக்கல் போய்விட்டது. வாசித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் அவளாகவே சிரித்தாள். கதையில் ஏதோ பகிடி வந்திருக்க வேண்டும். மகள் தன்னந்தனியே ஓரிடத்துக்குப் போய், அங்கே எதையோ கண்டு சிரிக்கிறாள் என்று சீதேவிப்பிள்ளைக்குத் தோன்றியது. உலக்கை கையிலேயே நின்றது.

பங்குனிக் கடைசியில் போடியார் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளை ஆளனுப்பினாள். சீதேவிப்பிள்ளை போனபோது அவள் சமையல்கட்டு வாசலில் இருந்து மாங்காய் சீவிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரு வயதுக்காரிகள். சிவப்புக் கரைச் சிற்றாடையோடு சீதேவிப்பிள்ளை இந்த வாசலுக்கு வந்த நாளில், அப்போது இந்த வீட்டு மகளாயிருந்த இதே இலட்சுமிப்பிள்ளை பாதி கடித்த மாங்காயை அவளுக்குக் கொடுத்தாள். ஒன்றாக விளையாடினார்கள், பின்னேரமானால் ஒருத்தி விளக்கு முன்னால் பாடம் படிக்கப் போவாள், மற்றவள் பாத்திரம் தேய்க்கப் போவாள். அதை அப்போது யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

“இந்தா, உப்புத் தொட்டுத் தின்” என்று ஒரு துண்டை நீட்டினாள் இலட்சுமிப்பிள்ளை. “பள்ளிக்கூடத்துக் கஞ்சி குடிச்சு நீயும் கொழுத்துத்தான் போனாய்.”

“குடிக்கிற எங்க கா? கிண்டுறதோட சரி.”

“என்ட பேத்தி வீட்டுச் சோத்தைத் திரும்பிப் பாக்கிறாள் இல்லை. என்னத்தப் போட்டுச் சமைக்கியள்?” அவள் சிரித்துவிட்டு, மாங்காயை வைத்தாள். “கேள் புள்ள. டவுனில இருக்கிற என்ட இளைய மகளுக்கு ஆறாம் மாசம். தனிய இருக்காள். சின்னத்தங்கத்தை அங்க விடுவம். பிள்ளை பிறந்தா அதைப் பாத்துக்கு, கூடமாட நிக்கட்டும். நல்ல வீடு, நல்ல சாப்பாடு. சித்திரைக்கு உன்ட சீலையோட அவளுக்கும் ஒண்டு வச்சிருக்கன். பட்டுக்கரை போட்டது. யுத்த காலத்தில கிடைக்காத சாமான்.”

சீதேவிப்பிள்ளை மாங்காய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“அவள் படிக்கிறாள் கா.”

“படிச்ச வரைக்கும் போதும்தானே. நீ என்ன படிச்சாய், நான் உன்னை விட்டனா?”

விடவில்லை என்பது உண்மை. காய்ச்சலில் கிடந்தபோது இலட்சுமிப்பிள்ளை கைமருந்து அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பூமணி பிறந்தபோது முதலில் தூக்கினவள் அவள்தான். வீடு நிற்கிற நிலமும் போடியாருடையது. மனதுக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தால், பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் பெரிய கரைச்சலாக இருந்தது.

“இவரிட்டயும் கேக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

புருசன் கனகசிங்கம் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல் வட்டையில் போடியாரின் வயலுக்குக் காவல் நிற்கிறவன். அறுவடை முடிந்து தோணியில் வந்து இறங்கினவனுக்கு அவள் சோறு போட்டாள். கொண்டுவந்த உலர்ந்த செத்தல் மீனைப் பொரித்து வைத்தாள். அவன் தின்று முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“போடியாரம்மா கேட்டா இல்லை எண்டு சொல்ல ஏலுமா?” என்றான் அவன்.

“ஏலாதா?”

“சொல்லிப்போட்டு எங்க போறது? வளவை விடச் சொன்னா?”

“விடச் சொல்ல மாட்டா.”

“அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.” அவன் கை கழுவிவிட்டு வந்து குந்தினான். “நானும் அவள் படிக்க வேணாம் எண்டு சொல்லயில்லை. வட்டையில மேல்பாக்கிற முல்லைக்காரன் நெல் அளந்து கணக்கு எழுதக்குள்ள நான் வாயைப் பாத்துக்கு நிக்கிறன். அது எனக்கும் தெரியுது. ஆனா பட்டுக்கரைச் சீலையைத் தள்ளுறது லேசில்லை, சீதேவி. நீயே யோசி. நீ என்ன சொன்னாலும் நான் மாத்திப் பறைய மாட்டன்.”

அவன் பாரத்தை இறக்கி அவளுடைய தலையில் வைத்துவிட்டான். அவனைக் குறைசொல்லவும் முடியவில்லை. மாத்திப் பறைய மாட்டேன் என்றானே, அதுவே பெரிது.

சின்னத்தங்கத்திடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை, நீங்கள் சொன்னால் போறன் அம்மா என்றுதான் சொல்லும். சீதேவிப்பிள்ளையும் அந்த வயதில் தன் தாயிடம் அதைத்தான் சொன்னாள்.

சித்திரைக்கு முதல்நாள் பள்ளிக்கூடம் பூட்டுகிற தினம். பிள்ளைகள் போன பிறகு சீதேவிப்பிள்ளை கஞ்சிப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் கொட்டில் வாசலுக்கு வந்தாள்.

“நீங்க ஒரு கிழமையா உலக்கையை ஒரு மாதிரிப் போடுறீங்க. வகுப்புக்குள்ள இருந்தே எனக்குக் கேக்குது” என்றாள். “என்ன விசளம்?”

சீதேவிப்பிள்ளை பானையைத் தேய்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ரீச்சர் இப்போது அந்த நீலச் சட்டையை எடுப்பாள். இவ்வளவும் செய்தோமே, பிள்ளையை அனுப்பலாமா என்பாள். அந்தக் கயிறு இழுபட்டால் அதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடாது கா என்று இலட்சுமிப்பிள்ளையிடம் சொல்லித் தப்பிவிடலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று, பெரிய வீடு எதுவென்று அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம்.

ரீச்சர் குடையைக் கொட்டில் காலில் சாய்த்து வைத்தாள். புன்னம்பூக்கள் கொட்டில் கூரையில் விழுந்து உருண்டன.

“அவள் நல்லா வாசிக்கிறாள்” என்றாள் கடைசியில். “அவள் வராட்டி எனக்கு மனவருத்தமா இரிக்கும். அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்.”

“அந்தச் சட்டை?”

“என்ன சட்டை?”

“நீலப் புள்ளிச் சட்டை. அவள் போறதெண்டா அதைத் திருப்பித் தரவேணுமா, ரீச்சர்?”

ரீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு நோவு வந்து போனது.

“அது அவளின்ட சட்டை, சீதேவிப்பிள்ளை. அவள் இஞ்ச இருந்தாலும் அவளின்ட. டவுனுக்குப் போனாலும் அவளின்ட. போறதெண்டா அதையும் போட்டுக்கு போகட்டும். கீழ்க்கரையில உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைக்கச் சொன்னன். வளர வளர இறக்கலாம்.”

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீதேவிப்பிள்ளை தேய்த்த பானையையே இன்னொரு முறை தேய்த்தாள். இழுக்க ஒரு கயிறு இருக்கும் என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தன் வாயால் கேட்டும் பார்த்துவிட்டாள். இல்லை. அந்தத் துணிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு வீடும் இல்லை. அப்படி ஒரு கொடுப்பு இந்த உலகத்தில் இருக்கிறது என்று அறிவது சந்தோசமாக இருக்கவில்லை. பழக்கமில்லாத உயரத்தில் ஏறி நின்றது போல இருந்தது. பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சொல்வதென்றால் அவளேதான் சொல்லவேண்டும்.

சித்திரை பிறந்தது. மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கி, பிள்ளைகள் புதுச் சட்டை போட்டு ஊஞ்சலுக்கு ஓடினார்கள். மஞ்சளும் நீலமுமாக இருவரும் ஒரே நேரத்தில் ஒழுங்கையில் ஓடுவதைச் சீதேவிப்பிள்ளை வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர்கள் பிறந்த பிறகு வந்த எந்தச் சித்திரையிலும் அப்படி இரண்டு பேரையும் ஒன்றாகப் புதுத்துணியில் அவள் கண்டதில்லை.

மறுநாள் காலையில் அவள் போடியார் வீட்டுக்குப் போனாள். கண்ணாத்தையும் மற்றவர்களும் தங்கள் சீலையை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சமையல்கட்டில் பலகாரம் சுட்ட எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. இலட்சுமிப்பிள்ளை அவளுக்கு முதலில் பயற்றம் பணியாரம் கொடுத்தாள். கனகசிங்கம் எப்படி, காலில் முள் குத்தினது மாறிவிட்டதா என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்த் தட்டத்தை எடுத்து வந்தாள்.

தட்டத்தில் வெற்றிலை. அதன்மேல் பச்சைக் கட்டச் சீலை ஒன்று. பக்கத்தில், சின்னதாக மடித்து, பட்டுக்கரைச் சிற்றாடை ஒன்று. கரை சிவப்பு. இலட்சுமிப்பிள்ளை வேண்டுமென்று தேடி எடுத்திருக்க வேண்டும். அந்த நாளை அவளும் மறக்கவில்லை.

“எடு புள்ள” என்றாள். “நல்ல நேரம் பாத்துத்தான் வச்சிருக்கன். அவளை நாளையிண்டைக்கு வண்டியில ஏத்திவிடுவம்.”

சீதேவிப்பிள்ளை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து, வெற்றிலையையும் பச்சைச் சீலையையும் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக் கக்கத்தில் வைத்தாள். தட்டத்தில் சிவப்புக் கரை மட்டும் கிடந்தது.

“மற்றதையும் எடன்.”

“நான் வழமை போல வருவன் கா. நாளைக்கே நெல் அவிக்க வாறன். மகளுக்குப் பிள்ளை பிறந்தா நானே டவுனுக்குப் போயித்து நிண்டு பாக்கிறன்.”

“அதுக்கென்ன, நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியாதா? சின்னத்தங்கத்தின்டய எடு எண்டுதான் சொல்றன்.”

தட்டம் நீண்டபடியே இருந்தது. இலட்சுமிப்பிள்ளையின் கை வலிக்கும் என்று சீதேவிப்பிள்ளைக்குத் தோன்றியது. அவள் தன் கையைக் கொடுத்து, தட்டத்தைக் கீழே திண்ணமாக இறக்கி வைக்க உதவினாள். சிற்றாடையின் மடிப்பு சரிந்திருந்தது. அதையும் ஒழுங்காக்கி வைத்தாள்.

“அவளுக்குச் சட்டை இரிக்கு கா” என்றாள்.